நீ வாங்கி அனுப்பிய மொட்டைக் கத்தி

அர்த்தநாரீசுவரர் துணை

வையப்பமலை
ஐப்பசி 9, ஞாயிறு

அன்பு மகன் நந்தகுமாருக்கு அம்மா பாவாயி எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் மூன்று பொம்பளைகளும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எருமை கறக்கிறது, அதைச் சுகம் என்று வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை. ஐப்பசி மழை இரண்டு நாள் நன்றாகப் பெய்தது, கிணற்றில் நாலு படி தண்ணீர் ஏறியிருக்கிறது, மேல்காட்டில் சோளத்தட்டு நனைந்துபோய் அப்படியே கிடக்கிறது, அறுத்துப் போர் போட ஆளைக் கூப்பிட்டால் உங்க வீட்டு வழக்கு என்ன ஆச்சுங்க என்று கேட்டுவிட்டுத்தான் அரிவாளைத் தொடுகிறான், அதனால் கூப்பிடவில்லை. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனை உன் பெண்டாட்டி சித்ரா கையில் பிடித்துக்கொண்டு சத்தமாக வைத்துத்தான் எனக்குத் தருகிறாள், நான் பேசுவது அவளுக்கும் கேட்கும், நீ பேசுவது தெருவுக்கே கேட்கும். இது உன் காதுக்கு மட்டும். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், சொல்லும் விஷயத்தில் பிழை இருக்காது.

நடந்ததைச் சித்ரா அழுதுகொண்டே சொன்னதில் உனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும், நான் வரிசையாக எழுதுகிறேன். ஆடி மாதம் உன் மகள் மோனிஷா உன்னிடம் சொன்னாள் அல்லவா, காலேஜுக்குப் போகிற ஏழே முக்கால் பஸ்ஸில் ஒருத்தன் தினமும் பின்னால் வந்து நின்று உரசுகிறான் என்று. அவன் பெயர் தமிழரசு, திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் அடிக்கிற பட்டறையில் வேலை, இருபத்திரண்டு வயசு. என்னிடம் அவள் சொன்னபோது முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் நில்லு என்றேன், நின்றாள், அவனும் முன்னால் வந்தான். சித்ரா அடுத்த பஸ்ஸில் போகச் சொன்னாள், அடுத்த பஸ்ஸிலும் வந்தான். ஒரு தகப்பன் என்ன செய்வான்? லீவு போட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அவனை நாலு வார்த்தை கேட்பான். நீ அங்கே சனிக்கிழமை தோறும் கத்திச் சண்டை கிளாஸுக்குப் போகிறவன், உன் புத்தி அங்கேதான் போயிற்று. கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டு ஒரு பயிற்சிக் கத்தியை வீட்டுக்கு அனுப்பி வைத்தாய், ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கிளாஸிலும் அவளைச் சேர்த்துவிட்டாய். உறையிலிருந்து உருவிப் பார்த்தேன், நல்ல எஃகு, பிடி கறுப்பாக அழகாக இருந்தது, ஆனால் வெட்டுவாய் கிடையாது, முனையும் விரல் மாதிரி மழுங்கல். இதை வைத்து என்னடா செய்வது என்று கேட்டேன். கூர் இல்லாததால் சட்டத்தில் அது கத்தியே இல்லை அம்மா, காலேஜ் ஸ்கேல் மாதிரி, எங்கே வேண்டுமானாலும் பையில் வைத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு எலும்பில் ஒன்று போட்டால் எவனும் ஒரு வாரம் கையை நீட்டமாட்டான், காயமும் வராது, கேசும் வராது என்று நீ சொன்னாய். நீ அங்கே அதைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பாயா என்று கேட்டதற்குச் சிரித்தாய். அங்கே வீட்டிலிருந்து கிளாஸுக்குப் பூட்டின பையில் கொண்டுபோய் அப்படியே கொண்டுவர வேண்டும், தெருவில் எடுத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்றாய். உனக்கு ஆகாததை உன் மகளுக்கு அனுப்பினாய். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், மகன் பெரிய ஊரில் இருக்கிறவன், நாலும் தெரிந்தவன் என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் சரஸ்வதி பூசை லீவு முடிந்து காலேஜ் திறந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மோனிஷா பஸ்ஸில் நின்றிருக்கிறாள். கூட்டம். அவன் வந்து பின்னால் நின்று இடுப்பில் கையை வைத்திருக்கிறான். எடுக்கச் சொல்லியிருக்கிறாள், எடுக்கவில்லை, இளித்திருக்கிறான். கிளாஸில் சொல்லிக்கொடுத்த மாதிரியே பையிலிருந்து உருவி அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டு இழுத்துவிட்டாள். சாதாரணமாக இருந்தால் அவன் ஐயோ என்று கையை உதறியிருப்பான், பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். அது வெட்டிவிட்டது. மணிக்கட்டுக்கு உள்பக்கம் எலும்பு தெரிகிற அளவுக்குத் திறந்துகொண்டது. கண்டக்டர் தன் துண்டை எடுத்துக் கட்டி, பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார், அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்து நரம்பைத் தைத்தார்கள். கடைசி மூன்று விரலும் மடங்காது, இனி வெல்டிங் அடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். உன் மகள் கத்தியைக் கையில் பிடித்தபடியே பஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், போலீஸ் வந்து விரலைப் பிரித்துத்தான் வாங்கினார்கள்.

சட்டத்தைப் பற்றி நீ போனில் சொன்னதையெல்லாம் வக்கீல் தீர்த்தகிரியிடம் சொன்னேன். மரியாதையான மனிதர், சிரிக்கவில்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் லைசென்ஸ் கேட்பார்கள், இது ஆறு அங்குலம்கூட இல்லை, அந்த வகையில் உங்கள் மகன் சொன்னது சரி, ஆனால் கேள்வி அது இல்லைங்கம்மா என்றார். எடுத்துக்கொண்டு போனது எதற்கு, செய்தது என்ன என்பதைத்தான் கோர்ட்டு பார்க்குமாம். தற்காப்புக்கு என்று சொன்னால் அது ஆயுதம் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி, பயிற்சிக்கு என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் என்ன பயிற்சி என்று கேட்பார்கள். பொம்பளைப் பிள்ளை மேல் கை வைக்கிறவனைத் தடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, அவன் மேலும் தனிக் கேஸ் போட்டிருக்கிறது, மொட்டைக் கத்தியால் ஒரு அடி அடித்தாள் என்றால் எந்த நீதிபதியும் தள்ளிவிடுவார், ஆனால் இது மொட்டைக் கத்தி இல்லையே என்றார். கத்தியை ஸ்டேஷனில் எஸ்.ஐ. அம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டாராம், இரண்டு பக்கமும் புதிதாகச் சாணை பிடித்த தடம். பயிற்சிக் கத்தியை வாங்கி, தீட்டி, காலேஜ் திறந்ததும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள், திட்டம் போட்டுச் செய்திருக்கிறாள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதற்குத்தான் ஆறு நாள் சேலத்தில் ஜெயிலில் வைத்தார்கள். உன் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நம் வீட்டு ஆம்பளை ஒருத்தன்கூட ஜெயில் வாசலைப் பார்த்ததில்லை, பத்தொன்பது வயசுப் பெண் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜாமீனில் வந்த அன்றைக்குக் குளிக்கச் சொல்லித் தண்ணீர் காய வைத்தேன். குளிக்கவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அது வெட்டாதுன்னுதானே ஆத்தா அடிச்சேன். அது எப்படி வெட்டுச்சு?"

நான் எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் கேட்கவில்லை, தினம் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறாள் என்று பார்த்தால் தெரிகிறது. தீட்டவே இல்லை என்று அவள் ஸ்டேஷனில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள், யாரும் நம்பவில்லை. காலேஜில் நம்பவில்லை. அவள் சிநேகிதி ஒருத்தி வந்தவள்கூட, சும்மா சொல்லுடி, தீட்டினால் என்ன தப்பு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்புறம் உன் பெண்டாட்டி ஒரு காரியம் செய்தாள், அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். போன வாரம் யாரையும் கேட்காமல் பஸ் ஏறிப் போய், நான்தான் சாணை பிடித்தேன், என் மகளுக்குத் தெரியாது என்று எஸ்.ஐ. அம்மாவிடம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வாயில்லாப் பூச்சி என்று நினைத்தேன், துணிந்துவிட்டாள். ஆனால் பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எந்த நாள் என்று அந்த அம்மா கேட்டதற்குப் பூசைக்கு முந்தின நாள் என்றிருக்கிறாள். சாணைக்காரன் எப்படி வந்தான் என்று கேட்டதற்குச் சைக்கிளில் என்றிருக்கிறாள். அன்றைக்கு முழுவதும் அவள் ராசிபுரத்தில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள், அது தெருவுக்கே தெரியும், போலீஸ் வந்து நாலு பேரை விசாரித்ததில் நாலு பேரும் சொல்லிவிட்டார்கள். இப்போது மகள் தீட்டினாள், அம்மாக்காரி பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று கேஸ் முன்னைவிட இறுகிவிட்டது. பொய் வாக்குமூலத்துக்குச் சித்ரா மேலேயும் ஒன்று வரலாம் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டாராம். எங்கள் அத்தை இருக்கிறார்கள், அவர்கள் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் போகமாட்டார்கள் என்று இவள் சொன்னாளாம். இதை வீட்டுக்கு வந்து என்னிடமே சொன்னாள், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ எனக்குத் தெரியாது. இருபத்தொரு வருஷமாக என்னைக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை அவளுக்கு, நான் பழக்கவில்லை.

அந்தப் பையனைப் பெற்றவளும் வந்தாள், கமலவேணி என்று பெயர், புருஷன் இல்லை, தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிறவள். வாசலில் நின்று அழுதாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. பையனை அடக்கி வளர்த்திருந்தால் இன்றைக்குக் கட்டு மாற்றிக்கொண்டு திரிய வேண்டியதில்லை, மூன்று விரல்தானே போயிற்று, மீதி ஏழு இருக்கிறது, அதையாவது சும்மா வைத்திருக்கச் சொல் என்றேன். சொன்னது சொன்னதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் புள்ள மேல எனக்குக் கோபமில்லீங்க. தப்பு எம்பையன் மேலதானுங்க. ஆனா அத தீட்டுன கை ஒண்ணு இருக்குதுங்களே, அது நல்லா இருக்கோணுமுங்களா?"

சித்ராவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இவள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த செய்தி ஊருக்குள் பரவியிருந்தது. சித்ரா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

நந்தா, அந்தக் கை என்னுடையது. இதற்குத்தான் கடுதாசி. பூசைக்கு முந்தின நாள் சாணைக்காரன் டி.வி.எஸ். வண்டியில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தான், வருஷா வருஷம் வருகிறவன்தான், களைக்கொத்து, அரிவாள், அரிவாள்மணை எல்லாம் கொடுத்தேன். மழுங்கின இரும்பை ஆயுத பூசைக்கு வைத்தால் அந்த வருஷம் முழுக்க வீட்டில் கை ஓடாது, காரியம் மழுங்கும் என்று உன் பாட்டி சொல்லிக் கொடுத்தது, உன் அப்பா ரிக் ஓட்டுகிற காலத்தில் ஸ்பானருக்குக்கூட எண்ணெய் போட்டுத்தான் பொட்டு வைப்பார். உன் மகள் தன் கத்தியையும் பூசைப் படியில் வைக்க வேண்டும் என்று புத்தகத்தோடு எடுத்து வைத்திருந்தாள். அந்த மொட்டையைச் சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதையும் கொடுத்தேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, இது விளையாட்டுக் கத்தியாட்டம் இருக்குது, இதுக்குக் கூர் போட்டு யார் தலையை எடுக்கப் போறீங்க என்று சிரித்தான். இரும்புதானே, போடு என்றேன். கெட்டியான எஃகு, அரை மணி நேரம் பொறி பறந்தது. ஒரு மயிரை வைத்துப் பார்த்தேன், அறுந்தது. சந்தனம், குங்குமம் வைத்து உறைக்குள் போட்டுப் படியில் வைத்தேன். அவள் அப்போது வீட்டில் இல்லை, பூசை லீவில் சேலத்துக் கிளாஸும் இல்லை, செவ்வாய்க்கிழமை வரைக்கும் அது உறையைவிட்டு வெளியே வரவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய், அது பொய். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அதை உறையோடு எடுத்துப் பையில் போட்டதை அடுப்படியில் இருந்து பார்த்தேன். கூர் போட்டிருக்கிறது சாமி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அவன் மறுபடியும் உரசுவான், இவள் மறுபடியும் அழுதுகொண்டு வருவாள். வெட்டாத இரும்பு இரும்பா? உருவினால் அவன் பயப்பட வேண்டாமா? அதனால் சொல்லவில்லை. வெட்டுவாள் என்று நினைக்கவில்லை, காட்டுவாள் என்றுதான் நினைத்தேன். வெட்டாது என்று நம்பினதால்தான் அவள் ஓங்கிப் போட்டிருக்கிறாள், கூர் என்று தெரிந்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டாள். இது எனக்கு அவள் அன்றைக்குக் கேட்டபோதுதான் விளங்கியது.

வருகிற நவம்பர் பத்தாம் தேதி திங்கட்கிழமை காலேஜில் விசாரணை, அதில் தீட்டினது அவள்தான் என்று முடிவானால் பேரை நீக்கிவிடுவார்கள், அதைப் பார்த்துத்தான் கோர்ட்டிலும் நடக்கும் என்று வக்கீல் சொல்கிறார். சாணைக்காரனை எனக்குத் தெரியும், மல்லசமுத்திரம் சந்தைக்குப் புதன்கிழமை வருவான், என்னைப் பார்த்தால் சொல்லிவிடுவான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் மோனிஷா வெளியே வந்துவிடுவாள், சித்ராவும் தப்பித்துவிடுவாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அப்பா போன பிறகு இருபது ஆளுக்குச் சோறு போட்டு ரிக் வண்டி ஓட்டினவள் நான், கடைவீதியில் என்னைப் பார்த்தால் ஆம்பளைகள் வழிவிடுவார்கள். எழுபத்தொரு வயசில் ஒரு சின்னப் பெண் எஸ்.ஐ. முன்னால் நின்று, பேத்தியை ஆறு நாள் உள்ளே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. கத்தியை அனுப்பினவன் நீ. கூர் போட்டவள் நான். உள்ளே போனவள் அவள். தலை குனிந்தவள் சித்ரா. இதில் நியாயம் என்ன என்று நீ சொல். நீ போன் போட்டு, அம்மா போய்ச் சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நீ சொல்லமாட்டாய். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மாதிரி நீயும் படித்துவிட்டுச் சும்மா இருப்பாய், லீவு கிடைக்கவில்லை அம்மா, வக்கீல் பார்த்துக்கொள்வார் அம்மா என்பாய். என் வயிற்றில் பிறந்தவன் நீ, உன்னை எனக்குத் தெரியும்.

கத்தி வாங்கின பில்லில் கூர் இல்லாதது, பயிற்சிக்கு மட்டும் என்று போட்டிருக்கிறதாம், அதை வக்கீலுக்கு அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டாகிவிட்டது, மறக்காமல் அனுப்பு. குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும். மலையேறி உன் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறேன், அர்த்தநாரீசுவரர் உன்னை நோய் நொடி இல்லாமல் நூறு வயசு வைத்திருக்கட்டும்.

உன் விலாசம் இங்கிலீஷில் இருக்கிறது, எனக்கு அது எழுத வராது. நன்றாக மடித்து ஒட்டிச் சித்ராவிடம் கொடுப்பேன், அவள் அழகான கையெழுத்தில் மேலே எழுதி, நாளைக் காலையில் தபாலாபீசில் வரிசையில் நின்று ரிஜிஸ்தர் செய்து, ரசீதைக் கொண்டுவந்து என் கையில் தருவாள். பிரித்துப் பார்க்கமாட்டாள். அப்படிப்பட்ட பெண்ணைத்தான் தேடி உனக்குக் கட்டிவைத்தேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ப. பாவாயி